மெப் மாப்பிள்ளை மேல் நான் போட்ட பழி

மச்சான்,

உன் டேப்பை, அந்தப் பழைய டேப்லெட்டை, வைத்திருந்த பிளாஸ்டிக் உறையை இன்று காலை மறுபடியும் திறந்தேன். மண்ணெண்ணெயும் காய்ந்த உப்பும் மீன் வாடையும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. எங்கள் படகின் மணம் அது. நீ என் முன்னால் குந்தியிருந்து, ஈர விரலைத் தலைமயிரில் துடைத்துவிட்டுத் திரையைத் தொடுவதுபோல ஒரு கணம் இருந்தது. உறையை மூடி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்தபோது சொல்ல வாய் வராததை, வாசிக்க நீ இல்லாதபோது எழுதுகிறேன். இதிலும் எனக்கு ஒரு வசதி இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிவருவான். அப்படித்தான் நீ ஆரையம்பதியிலிருந்து கல்குடாவுக்கு என் தங்கச்சியின் புருசனாக வந்தாய். அலையில்லாத வாவியில் தோணி வலித்து, இறாலும் நண்டும் பிடித்து வளர்ந்தவன். அலையடிக்கிற கடலில் அதுவரை தொழில் செய்ததில்லை. முதல் மாதம் முழுக்கப் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாய். கரையில் வலையிலிருந்து மீன் தட்டிக்கொண்டிருந்தவர்கள், "வாவிக்காரனுக்குக் கடல் ஒத்துவரா" என்று சிரித்தார்கள். உன்னைக் கடலுக்குக் கூட்டிப்போன நானும் அவர்களோடு சேர்ந்துதான் சிரித்தேன்.

குவைத்தில் வேலை செய்த உன் அக்கா, மூலையில் கண்ணாடி வெடித்த ஒரு டேப்பை அனுப்பிவைத்தது அந்த நேரத்தில்தான். வேறு யாராவது என்றால் அதில் படம் பார்த்திருப்பார்கள். நீ வழி காட்டுகிற மெப் ஒன்றை அதில் இறக்கி, வீட்டில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே எங்கள் கடல் பக்கம் முழுவதையும் அதற்குள் சேமித்துவைத்தாய். போகிற வழியெல்லாம் அது ஒரு நீலக் கோடாகப் பதிந்துகொண்டே வந்தது. வலை எங்கே கல்லில் சிக்கியது, எங்கே பாரை மீன் பட்டது, எந்த இடத்தில் ஆழம் குறைகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி குத்தி, பக்கத்தில் பெயரும் எழுதுவாய். ஒரு புள்ளிக்கு 'மச்சான் ஏசின இடம்' என்று பெயர். கேட்டதற்கு, "அதில நீங்க ஏசினதால அந்தக் கல்லை நான் ஒருநாளும் மறக்கமாட்டன்" என்றாய்.

கையிரண்டும் செதிலாக இருந்தால் மூக்கு நுனியால் திரையைத் தொடுவாய். கரைக்கு வருகிறபோது ஒருநாள் அதைக் கண்டுவிட்ட பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து நீ ஊருக்கு 'மெப் மாப்பிள்ளை'. உனக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

"எதுக்கடா உனக்கு இந்த விசர் வேலை?" என்று நான் கேட்டேன். அதற்கு நீ சொன்னது: "எனக்கு உங்களப் போல கடல் தெரியா மச்சான். தெரியாதவன் எழுதி வைக்கத்தானே வேணும்."

நான் அதைத் தோல்வியை ஒப்புக்கொண்ட பேச்சாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் கரைக்கு முன்னால் கடலுக்கடியில் பாறை வரிசையாகக் கற்பார் ஓடுகிறது. அதில் படகு நுழையக்கூடிய வாய் ஒன்றுதான். ஒரு காலை தூறலில் கரை சரியாகத் தெரியவில்லை. நான் இஞ்சினைப் பிடித்திருந்தேன். நீ டேப்பைப் பார்த்து, "கொஞ்சம் இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... இப்ப நேர விடுங்க" என்றாய். பட்டு விரித்ததுபோல உள்ளே வந்தோம். எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். இந்த மழையில் எப்படி வந்தீர்கள் என்று கரையில் பக்கத்துப் படகுத் தவராசா கேட்டபோது, "எத்தின வருசமாப் போய்வாற வழி, கண்ணைக் கட்டிவிட்டாலும் வருவன்" என்றேன். நீ தலையைக் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தாய். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் பொருள் அந்தப் பெருமைதான்.

பிறகு அந்த மார்கழி வந்தது.

முதல்நாள் இரவு காற்றில் கம்பி அறுந்து ஊரில் கரண்ட் இல்லை. டேப் பாதிக்குத்தான் சார்ஜ் ஏறியிருந்தது. உன் மகளுக்குக் காய்ச்சல்; விடியும்வரை நீ அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாய். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று உன் போனைத் தங்கச்சியிடம் விட்டுவந்தாய். என் போனை நான் கடலுக்குக் கொண்டுபோவதில்லை, ஒன்றைத் தண்ணீரில் விட்ட நாளிலிருந்து. ஆக, படகில் இருந்தது அந்த டேப் மட்டும்.

விடிந்த கையோடு வலையை விட்டோம். நீ என்னிடம், "மச்சான், நான் கொஞ்சம் கண் மூடுறன். டேப்பைத் திறக்காதீங்க, சார்ஜ் திரும்பி வரக் காணாமப் போயிரும்" என்றுவிட்டு, வெயிலுக்குப் போடும் படங்கை மூடிக்கொண்டு படுத்தாய். படுத்தவுடனே உறங்கிவிட்டாய்.

அன்று நம் நாட்டு அணி எங்கோ தூர தேசத்தில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தது. கரையிலிருந்து அவ்வளவு தூரத்திலும் டேப்பில் இரண்டு கோடு சிக்னல் இருந்தது. ஒரு ஓவர் பார்ப்போம் என்று எடுத்தேன். பிறகு இன்னொன்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேலே பார்த்திருப்பேன். சிவப்புக் கோடு வந்ததைக் கண்டேன் மச்சான். காணவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். கடைசி விக்கெட் ஒன்று மிச்சமிருந்தது. அது விழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரை அணைந்தது. டேப்பை உறைக்குள் வைத்து, எடுத்த இடத்திலேயே செருகினேன்.

அதற்குப் பின்னாலேயே மழை, வடக்குப் பக்கம் கறுத்த சேலையை இழுத்து மூடியதுபோல வந்தது. கொஞ்ச நேரத்தில் கரையும் இல்லை, அடையாளத்துக்குப் பார்க்கிற மலையும் இல்லை, படகின் முன்முனைகூட மங்கல்தான். நீ பதறி எழும்பி வலையை இழுக்க எனக்குக் கைகொடுத்தாய். வலை ஏறியதும் டேப்பை எடுத்தாய். பொத்தானை அமத்தினாய். மறுபடியும் அமத்தினாய். உறைக்கு மேலால் உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய்.

"நான் தொடல்ல" என்றேன். நீ இன்னும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

நீ டேப்பைப் போட்டிருந்த சேட்டுக்குள் வைத்துக்கொண்டாய். "நங்கூரத்தைப் போட்டுட்டு நிப்பம் மச்சான். இந்த மழை விட்டாக் கரை தெரியும். இதில கயிறு நிலத்துக்கு எட்டும்" என்றாய். எத்தனை பொறுமையான குரல் அது! அந்தப் பொறுமைதான் என்னைச் சுட்டது. "வாவிக்குள்ள நங்கூரம் போட்டுப் பழகின உனக்கு இது விளங்கா. வாடைக் காத்து. முதுகில காத்தை வச்சு ஓடினாக் கரை" என்று சத்தம்போட்டேன். இஞ்சினை இழுத்தேன்.

காற்று சுழன்றுவிட்டிருந்தது. எனக்கு அது தெரியவில்லை. கரை இதோ, இதோ என்று மண்ணெண்ணெய் தீரும்வரை ஓடினேன். இஞ்சின் நின்றபோது நங்கூரக் கயிற்றுக்கு நிலம் எட்டவில்லை. மழை விட்டபோது எந்தப் பக்கமும் மலை தெரியவில்லை.

அந்தப் பகலும் இரவும், மறுநாள் பகலில் பாதியும் மிதந்தோம். தண்ணீர்ப் போத்தலில் மிச்சமிருந்ததை நீ மூடியால் அளந்து எனக்கு முதலில் தந்தாய். டேப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒரேயொரு தரம், "உங்கட தங்கச்சி பயந்துபோய் இருப்பா. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டுதோ தெரியா" என்றாய். வாழைச்சேனைத் துறைமுகத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெரிய படகு எங்களைக் கண்டு கயிறு எறிந்தது.

நாங்கள் தப்பி வந்த செய்தியோடு இன்னொரு செய்தியும் கரையில் காத்திருந்தது. எங்களைத் தேடிப் புறப்பட்ட தவராசாவின் படகு, கற்பாரில் அலை தூக்கி அடித்துக் கவிழ்ந்துவிட்டது. அவன் தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். நாங்கள் மணலில் கால் வைத்ததும் அவன் மனைவிதான் முதலில் ஓடிவந்தாள். சுற்றிவர ஊரே நின்றது.

"என்ன நடந்த? ஆர்ட பிழை இது? என்ட மனிசன் நடப்பாரோ மாட்டாரோ எண்டு கிடக்கார். சொல்லுங்க, ஆர்ட பிழை?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அடுத்த மாதம் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு. என் பெயரைத்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இடத்தில் அதை நினைத்துத்தான் சொன்னேன் என்று சொன்னால், என்னை உண்மையைவிடக் கெட்டிக்காரனாகக் காட்டுவதாகும். பயத்தில் சொன்னேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிகிற மாதிரிச் சொன்னேன்.

"மச்சான்ட டேப் பிழையாக் காட்டிப் போட்டுது. வாவிக்காரனை நம்பிக் கடலுக்குப் போனதுதான் நான் செய்த பிழை."

அந்தச் சனம் அதை உடனே நம்பியது. நம்புவதற்கு அவர்கள் எப்போதோ ஆயத்தமாக இருந்தார்கள். அதற்கு நானும் அத்தனை காலம் சிரித்துச் சிரித்து உதவியிருந்தேன். தவராசாவின் மனைவி உன் பக்கம் திரும்பினாள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னாய்:

"ஓம் அக்கா. என்ட பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவள் ஈரமணலை அள்ளி உன்மேல் எறிந்தாள். அது உன் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ துடைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு உன்னோடு கடலுக்குப் போக எவரும் ஆயத்தமாக இல்லை. நானும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ பாசிக்குடாவில் வெள்ளைக்காரரை ஏற்றித் திரிகிற படகுக்கு வேலைக்குப் போனாய். முழங்காலளவு தண்ணீரில் அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே. "மெப் மாப்பிள்ளைக்கு இப்ப மெப் தேவையில்ல" என்று கரையில் சொல்லிச் சிரித்தார்கள். அதே பெயர்தான், இப்போது அதைச் சொன்ன வாய்கள் வேறுவிதமாகக் கோணின. நான் சங்கத் தலைவர் கதிரையில் இருந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் இருந்தது. தைப்பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்தேன், நீ எனக்குக் கதிரை எடுத்துப் போட்டாய். உன் மகளின் பிறந்தநாளுக்கு வந்தேன், எனக்கு முதல் துண்டுக் கேக்கைத் தந்தாய். கடைசியாக ஆஸ்பத்திரிக்கு வந்தேன். டெங்கு என்றார்கள், உன் உதடு வெடித்துக் கிடந்தது. தங்கச்சி கஞ்சி எடுக்க வெளியே போயிருந்தாள். நாம் இருவர் மட்டும். நீ கண்ணைத் திறந்து, "கடல் எப்பிடி மச்சான்? வாடை துவங்கிற்றா?" என்று கேட்டாய். "ஓம், துவங்கிற்று" என்றேன். என் நாக்கு அந்த அளவுக்குத்தான் புரண்டது. சுகமாகி வரட்டும், பிறகு பார்ப்போம் என்று நினைத்தேன். மறுநாள் நீ போய்விட்டாய்.

செத்த வீட்டில் கதிரைகளில் இருந்தவர்கள் உன்னைப் பற்றிக் கதைத்தார்கள். "தங்கமான மனிசன், பாவம். கடல் மட்டும்தான் தெரியா" என்றார் ஒருவர். பிறகு என் பக்கம் திரும்பி, "என்ன தலைவர்?" என்றார்.

நான் தலையாட்டினேன் மச்சான். உன் உடம்பு உள்ளே கிடக்க, நான் வெளியே இருந்து தலையாட்டினேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னர் தங்கச்சி இந்த டேப்பைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "இதில அவர் போட்ட இடமெல்லாம் இரிக்காம். எனக்கு என்னத்துக்கு? நீங்க கடலுக்குப் போறவர், வச்சுக்கொள்ளுங்க அண்ணன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லக் காரணம் ஒன்று வேண்டுமே. அந்தக் காரணத்தை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

சார்ஜ் ஏற்றித் திறந்தேன். நூறுக்கு மேல் புள்ளிகள். அந்த நாளின் கோடும் இருந்தது. கரையிலிருந்து நேராகப் போய், வலை விட்ட இடத்தில் கொஞ்சம் கிறுக்கிவிட்டு, அப்படியே அறுந்து நிற்கிறது. அறுந்த இடத்தில் நீ பிறகு ஒரு புள்ளி குத்தி எழுதியிருக்கிறாய்: 'மழை வடக்கால. டேப் சூடு. அடுத்த முறை ரெண்டு பவர் பேங்க்.'

அதைப் பலமுறை வாசித்தேன். அந்த மழைக் குளிரில் அணைந்து கிடந்த ஒரு டேப் எப்படிச் சூடாக இருக்கும் என்று உனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. உள்ளங்கையை வைத்த அந்த நொடியிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது. மணலை எறிந்தபோதும் தெரியும். எனக்குக் கேக் வெட்டித் தந்தபோதும் தெரியும். இந்தக் கோட்டை ஊருக்குக் காட்டியிருந்தால், டேப் பிழையாக எதையும் காட்டவில்லை, அது அணைந்த பிறகுதான் நாங்கள் திசை தப்பினோம் என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். நீ காட்டவில்லை. என்மேல் ஒரு வரி குறையும் எழுதவில்லை. அடுத்த முறை என்று எழுதியிருக்கிறாய். என்னோடு இன்னும் ஒரு முறை கடலுக்குப் போக நினைத்திருக்கிறாய். அந்த அடுத்த முறைக்கு உன்னை நான் கூப்பிடவே இல்லை.

அன்று பின்னேரமே தங்கச்சியிடம் போனேன். அவள் முற்றத்தில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தாள். நின்ற நிலையிலேயே முழுவதையும் சொன்னேன்.  முடிந்ததும் கேட்டாள்:

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

கையிலிருந்த உடுப்பை வாளிக்குள் விட்டாள். "நானும் அவரைப் பேசினன் அண்ணன். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. கோவம் வாற நேரமெல்லாம் அதைத்தான் எடுத்துப் பேசினன். கடல் தெரியாட்டி என்னத்துக்கு என்ட அண்ணனையும் சாகக் கொண்டுபோன நீங்க எண்டு கேட்டன். ஒரு நாளும் வாய் திறக்கல்ல. நான் உங்களுக்காக அவரோட சண்டை பிடிச்சிரிக்கன், விளங்குதா? அதை இப்ப நான் எங்க கொண்டுபோய் வைக்கிற?"

 மன்னித்துக்கொள் என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள். "என்னட்ட மட்டும் சொன்னாக் காணுமா? கரையிலதானே சொன்ன நீங்க. அங்க போய்ச் சொல்லுங்க."

அடுத்த காலை போனேன். வலை தட்டுகிற நேரம், ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தவராசாவும் இருந்தான், இன்றைக்கும் அவன் ஒரு காலைச் சரித்து வைத்துத்தான் நடக்கிறான். மணலில் நின்றுகொண்டு, டேப்பில் கிரிக்கெட் பார்த்துச் சார்ஜை முடித்தது நான், திசை தப்பி ஓட்டினது நான், பொய் சொன்னது நான் என்று சொன்னேன். தலைவர் பதவியையும் விட்டுவிடுகிறேன் என்றேன். யாரும் கத்தவில்லை. யாராவது கத்துவார்கள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அது எனக்குத் தேவையாகவும் இருந்தது. ஒருவர், "அதெல்லாம் பழைய கதை, இப்ப ஆளும் இல்ல" என்று வலையை மறுபடி கையில் எடுத்தார்.

தவராசா மட்டும் எழுந்து என் அருகே வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன்.

"அந்த மனிசன் ஒவ்வொரு கிழமையும் என்னைப் பார்க்க வந்தார். மீன் கொண்டுவந்து வாசல்ல வைப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தன். ஒரு நாளும் 'இரிங்க' எண்டு சொல்லல்ல. உனக்கு விளங்குதா, நான் அவரை 'இரிங்க' எண்டு சொல்லல்ல."

அவன் கண் கலங்கியிருந்தது. சரிந்த காலை இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

நான் எடுத்தது உன் பெயரை மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். என் தங்கச்சியிடமிருந்தும் தவராசாவிடமிருந்தும்கூட எடுத்திருக்கிறேன். உனக்கு ஒரு நல்ல சொல் சொல்லக்கூடிய இரண்டு வருடத்தை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டேன். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி இல்லை.

போன வெள்ளிக்கிழமை உன் ஆண்டுத் திவசம். எனக்கு யாரும் சொல்லவில்லை. ஆனாலும் போய் வேலிக்கு வெளியே நின்றேன். உள்ளே பந்தி வைத்துக்கொண்டிருந்தார்கள். தவராசா குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தான். போய்விடலாம் என்று திரும்பியபோது தங்கச்சி வேலிக் கடப்படி வாசலுக்கு வந்தாள்.

"வந்து சாப்பிட்டிட்டுப் போங்க."

"இல்ல, நான்..."

"அவர் இருந்தா உங்களைச் சாப்பிடாமப் போக விடமாட்டார். அதுக்காகத்தான் கூப்பிடுறன். நான் இன்னும் மன்னிக்கல்ல அண்ணன். மன்னிப்பனோ தெரியா."

போய்ப் பந்தியில் இருந்தேன். இலை போட்டாள். சோறு வைத்தாள். உனக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியை என் சோற்றின் மேல் ஊற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்குப் போனாள். ஒரு கவளத்தைப் பிசைந்து வாயில் வைத்தேன். சுற்றிவர எல்லோரும் உன்னைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட இந்த முறை கடல் தெரியாதவன் என்று சொல்லவில்லை.  இலையில் ஒரு பருக்கை விடாமல் உண்டு முடித்தேன், ஏனென்றால் அது நீ எனக்குப் போட்ட சோறு.